இன்னும் கல்யாணம் ஆகலையா?

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு கெடக்கட்டும், பரவால்ல. அந்த நாற்காலி வேணாம், அது ஒரு பக்கமா ஆடும். இதுல உக்காருங்க. நெய்வேலிக்குத்தான போறீங்க? கோயில்ல முருகையன் சொன்னாரு, தங்கச்சி வளைகாப்புக்கு லீவு போட்டுட்டுப் போறீங்கன்னு. நெய்வேலியிலேர்ந்து விருத்தாசலம் கூப்புடு தூரம். ஒரு பைதான் தம்பி, வேற ஒண்ணும் இல்ல. எம் பொண்ணு வீட்ல குடுத்துட்டு ரெண்டு வார்த்த பேசிட்டு வந்துட்டா போதும். அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் உங்கள நேர்ல வரச் சொன்னேன். காப்பி போடறேன், குடிச்சிக்கிட்டே கேளுங்க.

காலத் தாங்கித் தாங்கி நடக்கறேன்னு பாக்குறீங்க. பாருங்க, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. குண்டு பட்ட காலு. பெட்ரோல் பங்க் கடையில நிக்கிறப்ப பட்டது. இந்த ஊரு பங்க்குதான் உங்களுக்குத் தெரியுமே, உள்ளயே பாலு, பீரு, சிகரெட்டு, லாட்டரி எல்லாம் விப்பான். நான் அமெரிக்காவுக்கு, இந்த ஜார்ஜியாவுக்கு வந்தது சமையக்காரனா. கூட்டிட்டு வந்தவரு ஓட்டல மூடிட்டாரு, விசா முடிஞ்சிபோச்சு, நான் ஊருக்குப் போகல. ஏன் போகலன்னு கேக்காதீங்க, எல்லாரும் எதுக்குப் போகலையோ அதுக்குத்தான். ஹஸ்முக் பாய்னு ஒரு குஜராத்திக்காரரு, நல்ல மனுசன், கடையில நில்லுன்னாரு, நின்னேன்.

ஒரு மத்தியானம். நல்ல வெயிலு. ஒரு பய உள்ள வந்தான், மீசகூட ஒழுங்கா மொளைக்கல. துப்பாக்கிய நீட்டுனான். கல்லாவத் தொறந்து விட்டுட்டு, எல்லாத்தையும் எடுத்துக்கடான்னு தமிழ்லயே சொன்னேன், வாயில வேற எதுவும் வரல. எடுத்துக்கிட்டான். கதவு வரைக்கும் போனான். என்ன தோணுச்சோ, திரும்பி ஒண்ணு சுட்டான், போயிட்டான். ஏன் சுட்டான்? கோர்ட்டுல கேட்டாங்க, அவனுக்கே தெரியலையாம்.

ஆசுபத்திரியில கண்ணத் தொறந்தா பக்கத்துல போலீஸ்காரன் உக்காந்திருக்கான். குண்டுக்குப் போகாத உசுரு அவனப் பாத்ததும் போயிருச்சு. பேப்பர் இல்லாத ஆளு நான், அப்படியே தூக்கி ஏத்தி அனுப்பிருவான்னு நெனச்சேன். ஆனா அந்த மனுசன் தண்ணி எடுத்துக் குடுத்தான். போன்ல ஒரு தமிழ் ஆளப் புடிச்சிக் குடுத்தான். யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தங்க. "பயப்பிடாதேங்கோ அய்யா, உங்களுக்கு வெடி வைச்சவன்ர முகம் ஞாபகம் இருக்கோ?"ன்னு கேட்டாங்க. அந்தக் கொரலக் கேட்டதும் ஓன்னு அழுதுட்டேன் தம்பி. அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். சட்டக் கலரு, பல்லு ஒண்ணு ஒடஞ்சிருந்தது, எந்தப் பக்கம் ஓடுனான், ஒண்ணு விடல.

அங்கதான் என் யோகம் திரும்புச்சு. மார்த்தான்னு ஒரு வக்கீலம்மா, ஏழைப்பட்டவங்களுக்குச் சும்மாவே கேஸ் நடத்துற எடத்துல இருந்து வந்தாங்க. அவங்கதான் சொன்னாங்க, குத்தத்துல அடிபட்டவங்களுக்குன்னே இந்த நாட்டுல ஒரு விசா இருக்குன்னு. போலீசுக்கு ஒத்தாச பண்ணணும், பாத்தத மறைக்காமச் சொல்லணும், ஆமா இந்த ஆளு ஒத்தாச பண்ணாருன்னு போலீசு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான். எனக்கு மட்டும் இல்ல, எம் பொண்டாட்டி செந்தாமரைக்கும், எம் பொண்ணு இளவரசிக்கும் சேத்துக் கேக்கலாம். ஆனா வருசத்துக்கு இத்தன பேருக்குத்தான்னு ஒரு கணக்கு வச்சிருக்கான். வரிசை நீளம், பல வருசம் ஆவும்னாங்க. ஆவட்டும்மா, நிக்கிறேன்னேன். கால்ல கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன், நிக்கிறேன்னு சொல்றேன் பாருங்க.

கோயில்ல எல்லாரும் கை குடுத்தாங்க. "கலியமூர்த்தி, ஒத்தக் குண்டுல குடும்பத்துக்கே விசா வாங்கிட்டியேய்யா"ன்னு முருகையன் சிரிப்பாரு. நானும் சிரிப்பேன். வலிக்கத்தான் செஞ்சுது, ஆனா சிரிக்காம என்ன பண்றது.

போலீசு எத்தன தடவ கூப்புட்டாலும் போனேன் தம்பி. ஊன்றுகோலோட போனேன். கோர்ட்டுல ஏறி, எல்லாரு முன்னாலயும் இவன்தான்னு கைய நீட்டிச் சொன்னேன். அந்தப் பயலோட அம்மா அங்கதான் உக்காந்து அழுவுது. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா நான் மறைக்கல. அடிபட்டவன் வாயத் தொறந்து சொல்லணும், சொல்லாட்டி அடிச்சவன் அடுத்தவன அடிப்பான். ஜட்ஜே தலைய ஆட்டுனாரு. பதினஞ்சு வருசம் போட்டாங்க.

அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். இளவரசி அப்ப எட்டாவது படிச்சிக்கிட்டிருந்தா. ஜெயங்கொண்டத்துல எங்க வீட்ல அவளும் அவங்கம்மாவும்தான். வேல பாக்குறதுக்கு ஒரு அட்டை வந்துச்சு எனக்கு. விசா வரல. மார்த்தாம்மா வருசத்துக்கு ஒரு தடவ கூப்புட்டு விசாரிப்பாங்க. வீடு மாறுனீங்களா, வேல மாறுனீங்களா, போலீசு கேஸ் ஏதும் உண்டா. கடைசியா ஒரு கேள்வி. போன்ல ஒரு தமிழ் ஆளு இருப்பாரு, அவரு கேப்பாரு: "உங்க மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?"

ஆகலம்மான்னு சொல்லுவேன். அந்தம்மா நல்லதுன்னு சிரிச்சிக்கிட்டு எழுதிக்குவாங்க. என்ன நல்லது? மொதல்ல சின்னப் பொண்ணு, சரி. பதினெட்டு ஆச்சு, அப்பவும் கேட்டாங்க. இருபதாச்சு. இருபத்தொண்ணாச்சு. இன்னும் கல்யாணம் ஆகலையா, இன்னும் கல்யாணம் ஆகலையா. ஊர்லதான் கல்யாண வீட்டுக்குப் போனா பெரியம்மா சின்னம்மாவெல்லாம் இத வச்சே நம்மள அறுப்பாங்க. ஏழு கடல் தாண்டி வந்தா இங்கயும் ஒரு வெள்ளக்காரம்மா அதையே கேக்குது. எனக்கு முகத்த எங்க வச்சிக்கறதுன்னு தெரியாது தம்பி. பொண்ணப் பெத்துட்டு, வயசு வந்தும் ஒரு நல்லது பண்ணாம இங்க வந்து கெடக்கானேன்னு அவங்களும் நெனைக்கிறாங்கன்னு நெனச்சேன். அடுத்த வருசம் இந்தம்மா கேக்குறப்ப ஆச்சும்மான்னு நிமிந்து சொல்லணும்னு ஒரு வைராக்கியம் வந்துருச்சு.

அப்படியிருக்கறப்ப விருத்தாசலத்துலேர்ந்து சம்பந்தம் வந்துச்சு. பையன் பேரு பிரேம்குமாரு. டிப்ளமா படிச்சவரு, செல்போன் கடை வச்சிருக்காரு. அவங்கப்பா எங்கிட்டயே போன்ல பேசுனாரு. "உங்க பொண்ணுக்கு அமெரிக்கா விசா வரப்போவுதாமே. நீங்க போடுறதப் போடுங்க, எங்களுக்கு நகையெல்லாம் பெருசில்ல. பின்னாடியே எங்க பையனையும் கூட்டிக்குவால்ல?"ன்னாரு. ஏன் கூட்டிக்க மாட்டா, பேஷா கூட்டிக்குவான்னேன். எவ்வளவு பெருந்தன்மையான மனுசங்க பாருங்க, நகை கேக்கல.

இளவரசிதான் முரண்டு புடிச்சா. "அப்பா, பி.எட் முடிச்சிக்கறேன். விசாதான் வரப்போவுதுல்ல, வரட்டும், வந்தப்புறம் பாத்துக்கலாம்"னா. விசா வர்ற அன்னிக்கி வரட்டும்மா, குருபலன் இந்த வருசத்தோட முடியுது, அடுத்து மூணு வருசம் கெடையாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாருன்னு சொன்னேன். செந்தாமரையும் இழுத்தா. "வக்கீலம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்குங்களேன்"னா. எம் பொண்ணு கல்யாணத்துக்கு வெள்ளக்காரிகிட்ட உத்தரவு கேக்கணுமான்னு சத்தம் போட்டேன். அப்புறம் அவ வாயத் தொறக்கல.

கல்யாணம் அமர்க்களம் தம்பி. பத்திரிகையில எம் பேருக்குப் பக்கத்துல அமெரிக்கான்னு போட்டாங்க. மண்டப வாசல்ல என் படம் போட்டு பிளக்ஸு. நான் போக முடியாது, போனா திரும்பி உள்ள விடமாட்டான். மச்சான்தான் தாரை வாத்துக் குடுத்தாரு. ஒரு பையன் போனப் புடிச்சிக்கிட்டு மேடை மேலயே நின்னான். நான் இங்க கடையில, பின்னாடி சாமான் ரூம்ல, பீரு அட்டப்பொட்டி மேல போனச் சாத்தி வச்சிக்கிட்டுப் பாத்தேன். தாலி கட்டுறப்ப மஞ்ச கலந்து கொண்டு போயிருந்த அரிசிய போன் மேலயே போட்டேன். ஹஸ்முக் பாயும் ஒரு கை அள்ளிப் போட்டாரு. என் வாழ்க்கையில அன்னிக்கி மாதிரி நான் சந்தோசமா இருந்ததில்ல.

அந்த வாரமே லட்டு புடிச்சி எடுத்துக்கிட்டு மார்த்தாம்மா ஆபீசுக்குப் போனேன். கேட்டுக்கிட்டே இருந்தாங்களே, அவங்களுக்குத்தான மொதல்ல சொல்லணும். கல்யாணப் போட்டோவக் காட்டுனேன். அந்தம்மா லட்டக் கையில வச்சிக்கிட்டே போட்டோவப் பாத்தாங்க. லட்ட அப்படியே மேசையில வச்சிட்டு, போன்ல தமிழ் ஆளக் கூப்புட்டாங்க. அவங்க சொல்றாங்க, அந்தாளு தமிழ்ல சொல்றாரு. கல்யாணம் ஆகாத பிள்ளைக்குத்தான் இந்த விசாவாம். வயசு ஏறுனாலும் பரவால்லியாம், மனு போட்டன்னிக்கி இருந்த வயசத்தான் பாப்பாங்களாம். ஆனா கல்யாணம் மட்டும் ஆவக் கூடாதாம். ஆயிட்டா போச்சாம்.

அதுக்குத்தான் வருசா வருசம் கேட்டாங்களாம்.

ஏம்மா முன்னாடியே சொல்லலன்னு கேட்டா, சொன்னேங்கறாங்க. மொத நாளே சொன்னாங்களாம், அப்புறமும் ஒரு தடவ சொன்னாங்களாம், காயிதத்துலயும் போட்டிருக்காம். இருக்கலாம். நான் யாரையும் குத்தம் சொல்லல தம்பி. ஆனா சொல்றதுன்னா எப்படிச் சொல்லணும்? பொண்ணு கல்யாண விசயம், பொட்டுல அறைஞ்ச மாதிரி சொல்ல வேணாமா? சிரிச்சிக்கிட்டுக் கேட்டா யாருக்குத் தெரியும். வேற வழியே இல்லையான்னு கேட்டேன். நான் கிரீன் கார்டு வாங்கி, சிட்டிசன் ஆவி, அப்புறம் கல்யாணமான பொண்ணுக்குன்னு தனியா ஒரு வரிசையில மனு போடலாமாம். அது இதவிடப் பெரிய வரிசையாம். அவ தலை நரைச்சிரும்.

அப்புறம் அந்தம்மா கொஞ்சம் யோசிச்சிட்டு ஒண்ணு சொன்னாங்க. உங்க மக இந்தக் கல்யாணத்த ரத்து பண்ணிட்டு வந்தா, உறுதியில்ல, கஷ்டம்தான், ஆனா முயற்சி பண்ணிப் பாக்கலாம்னாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். மஞ்சக் கயித்துல ஈரம் காயல, அறுத்துட்டு வான்னு சொல்றாங்க. எழுந்து வந்துட்டேன். நீங்களே சொல்லுங்க, ஒரு அப்பன்காரன்கிட்டச் சொல்ற பேச்சா அது?

ஊருக்கு நான் எதுவும் சொல்லல. எப்படிச் சொல்றது? நகை வேணாம்னு விசாவுக்காகத்தான கட்டிக்கிட்டாங்க. வரிசையில இருக்குன்னே சொல்லிக்கிட்டு வந்தேன். மொத வருசம் மாப்பிள்ள மாமா மாமான்னு உசுர விட்டாரு. ரெண்டாவது வருசம் கொரல் மாறுச்சு. "என்ன மாமா, உங்க விசா மாட்டு வண்டியிலயா வருது?"ன்னாரு. கடையில யாவாரம் சரியில்லாம, வெளிநாடு போறவன் எதுக்குக் கடைன்னு அதையும் கைய விட்டுட்டாரு. அவங்கப்பா போன எடுக்குறதே இல்ல. இளவரசி வீடியோவுல வர்றத நிறுத்திட்டா. வீடியோ போடும்மான்னா டவர் இல்லம்பா. விருத்தாசலம் ஜங்ஷன்ல டவர் இல்லாம இருக்குமா தம்பி?

அடிக்கிறாரு. மறைச்சி என்ன, அவரு கை நீட்டுறாரு. மொதல்ல கன்னத்துல ஒண்ணுன்னா. அப்புறம் பெல்ட்டுன்னா. விசா வராதுன்னு உனக்குத் தெரியும், உங்கப்பனும் நீயும் சேந்து ஏமாத்திட்டீங்கன்னு சொல்லி அடிக்கிறாராம். எம் பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியாததுக்கு அடி வாங்குது. எனக்கு நெஞ்சு எரியுது தம்பி, சோறு எறங்கல. ஆனா ஆம்பள வேலயில்லாம வீட்ல இருந்தா அப்படித்தான் இருப்பான், நாமதான் அனுசரிச்சிப் போவணும்னு அவகிட்டச் சொன்னேன்.

போன சித்திரையில செந்தாமரை போயி மகளக் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டு நேரா மகளிர் போலீஸ் டேசன் வாசலுக்கே போயிட்டா. அங்கேருந்து எனக்குப் போன் பண்றா. "உள்ள போறோம், எழுதிக் குடுக்கப் போறோம்"ங்கறா. கேஸாச்சுன்னா குடும்பம் சந்தி சிரிச்சிரும், அப்புறம் அவள யாரு வச்சிக்குவா? இளவரசிகிட்டக் குடுன்னேன். "அம்மாடி, போலீசு கேஸுன்னு ஒண்ணு ஆச்சுன்னா உன் விசா அதோட போச்சு. இத்தன வருசம் காத்திருந்ததெல்லாம் மண்ணாப் போயிரும். திரும்பிப் போ"ன்னு சொன்னேன்.

அப்புறம் கேட்டா. "அப்பா, நீங்க போலீசுக்குப் போயி சொன்னதாலதான உங்களுக்கு விசா குடுக்கறாங்க?"

அது அமெரிக்கா போலீசும்மா, அது வேறன்னேன்.

"உங்கள ஒரு தடவதான சுட்டான். அவனுக்கு எத்தன வருசம் போட்டாங்க?"

அவன் யாரோ கண்டவன்ம்மா, இவரு உம் புருசன்னு சொன்னேன். சரிப்பான்னா. திரும்பிப் போயிட்டா. சொன்ன பேச்சக் கேக்குற பிள்ளை, சின்னதுலேர்ந்தே அப்படித்தான். செந்தாமரைதான் அன்னியிலேர்ந்து எங்கூடப் பேசறதில்ல.

காப்பி ஆறிப்போச்சே, சூடு பண்ணட்டுமா? வேணாமா? சரி.

இப்ப சொல்லப்போறத யார்கிட்டயும் சொல்லாதீங்க, முருகையன்கிட்டகூட. எனக்கு விசா வந்துருச்சு. போன மாசம். எனக்கும் செந்தாமரைக்கும். மார்த்தாம்மா போன் பண்ணி அழுதாங்க, பத்து வருசமாச்சுல்ல, அவங்களுக்கு சந்தோசம். நான் போன வச்சிட்டு இதே நாற்காலியில உக்காந்திருந்தேன், ரொம்ப நேரம். வெளிய சொன்னா என்ன கேப்பாங்க? ஒனக்கு வந்துச்சு, பொண்டாட்டிக்கு வந்துச்சு, பொண்ணுக்கு ஏன் வரலம்பாங்க. சம்பந்தி காதுக்குப் போனா அன்னிக்கே அவள வெளிய தள்ளுவாங்க, இல்ல வேற ஏதாவது பண்ணுவாங்க. செந்தாமரைக்கு மட்டும் போன்ல எழுதி அனுப்புனேன். "எம் பொண்ண இங்க விட்டுட்டு நான் எங்கயும் வரல"ன்னு பதில் வந்துச்சு. அதனால அது அப்படியே கெடக்கு.

இந்தாங்க பை. மேல இருக்கறது சம்பந்தியம்மாவுக்கு மூட்டுவலி மருந்து, பாதாம். இந்த வாட்ச்சு மாப்பிள்ளைக்கு. இது சாக்லேட்டு, நீங்க ரெண்டு எடுத்துக்குங்க. அடியில மெத்துன்னு இருக்கே, அது குளிரு கோட்டு, இளவரசிக்கு. விருத்தாசலத்துல வேர்வை ஊத்துற ஊர்ல கோட்டு எதுக்குன்னு நெனைக்காதீங்க. அத அவங்க மாமனார் மாமியார் முன்னாலயே பிரிச்சிக் குடுங்க. "அங்க வந்து எறங்குறப்ப குளிரும், போட்டுக்கச் சொன்னாரு உங்கப்பா"ன்னு சத்தமாச் சொல்லுங்க. கோட்டே வாங்கிட்டான்னா விசா பக்கத்துல வந்துருச்சின்னு நம்புவாங்க. ஒரு ஆறு மாசம் ஓடும். மாப்பிள்ள உங்களத் தனியாக் கூப்புட்டுக் கேப்பாரு. நீங்க படிச்ச பிள்ளை, கம்பெனியில இருக்கறவரு, நீங்க சொன்னா நம்புவாரு. வரிசை நகந்துருச்சு, எந்த நேரமும் வரும்னு சொல்லுங்க. அதான் அந்த ரெண்டு வார்த்த. பொய்யின்னு பாக்காதீங்க தம்பி, ஒரு பொண்ணு உசுரு.

என்ன தம்பி, தலையக் குனிஞ்சிட்டீங்க. எடை ஜாஸ்தியா? கோட்டு இல்லாமக் குடுக்கக் கூடாது, வேணும்னா பாதாம எடுத்துடலாம்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. இளவரசிதான் தண்ணி கொண்டாந்து குடுப்பா. அந்த வெயில்லயும் முழுக்கை போட்டிருப்பா. நீங்க கையப் பாக்க வேணாம். தண்ணியக் குடிச்சிட்டு, பையக் குடுத்துட்டு, சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வந்துருங்க. நல்லா இருக்கியாம்மான்னு மட்டும் கேட்டுராதீங்க தம்பி. அவளுக்கு மறைக்கத் தெரியாது. கேட்டா சொல்லிருவா.